கண்டிச் சீமைக்குப் போன காட்டு வழி

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் கம்பளையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1820களில் கம்பளைக்குப் பக்கத்துச் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அதற்கு ஊக்கம் கொடுத்தார் என்று முதல் அத்தியாயம் போகும். தோட்டத்துக்கு அந்தத் தொடக்கம் சரி. அங்கே காடு வெட்டிய மனிதர்களுக்கு வேறொரு தொடக்கம் உண்டு. அது எங்கள் மன்னார்க் கரை. தலைமன்னார், மன்னார், வங்காலை, அரிப்பு என்ற இறங்குதுறைகளில் தோணியை விட்டு இறங்கி, வன்னிக் காட்டுக்குள் நுழைந்து, மாத்தளை வரைக்கும் சுமார் 150 மைல் நடந்தே போனவர்கள் அவர்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த நடை நின்றதில்லை.

இதை எழுதுகிற நான் மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பத்து வயதில் குடும்பத்தோடு மன்னார்ப் பெருநிலத்துக்கு வந்தேன். இங்கேயே படித்து, இங்கேயே வரலாற்று ஆசிரியையாக வேலைசெய்து ஓய்வுபெற்றேன். என் முன்னோர் எந்த வழியால் மலைக்குப் போனார்களோ, அதே வழியின் ஓரத்தில்தான் இப்போது என் வீடு இருக்கிறது. அதனால் இந்த வழியைப் பற்றி எழுதுவதை நான் என் கடமையாக நினைக்கிறேன்.

முதலில், ஏன் நடந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1830களின் பிற்பகுதியில் கோப்பிக்கு ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. கண்டி மலைகளில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குச் சொந்தமாகக் கொண்டது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காடுகளில் சேனை செய்தும், மாடு மேய்த்தும், விறகு பொறுக்கியும் வந்த சிங்களக் குடியானவர்களிடம் காகிதம் எங்கே இருக்கும்? அந்த நிலம் ஏக்கர் 5 சிலிங்குக்கு வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1844இல்தான் விலையை 20 சிலிங்காக உயர்த்தினார்கள். வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளே நிறையப் பேர். நிலம் கிடைத்தது, மரம் வெட்ட, குழி தோண்ட, கன்று நட, பழம் பறிக்க ஆள் வேண்டும். கண்டிக் குடியானவர் தன் வயலை விட்டுவிட்டுக் கூலிக்கு வர மறுத்தார். அப்போதுதான் துரைமார் கண்கள் கடலுக்கு அப்பால் திரும்பின.

அக்கரையில் இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கங்களில் வானம் பொய்த்தால் பட்டினி. வானம் பொய்க்காத ஆண்டிலும் நிலமில்லாதவனுக்கு அரைவயிறுதான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்கு அதற்குமேல் பண்ணையடிமை வாழ்வு. அங்கே ஆள் சேர்க்கும் கங்காணி போய் நின்றான். கண்டிச் சீமையில் மாதம் தவறாமல் காசு, அரிசி, கம்பளி என்றான். அவன் கையில் தோட்டத்துரை கொடுத்த முன்பணம் இருந்தது. ஊரில் இருந்த சில்லறைக் கடனை அடைத்தான், வழிச்செலவுக்குக் கொடுத்தான், எல்லாவற்றையும் ஆள்பேரில் எழுதிக்கொண்டான். கடல் தாண்டும் முன்பே ஒவ்வொருவர் தலையிலும் கடன் ஏறிவிட்டது.

கோப்பிக் காலத்து ஆரம்ப ஆண்டுகளில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவார்கள், அது முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். வந்த வழியே திரும்பி நடப்பார்கள். ஆகவே இந்தக் காட்டு வழியில் ஒரே ஆண்டில் இரண்டு ஓட்டம். போகும்போது பசியோடும் கடனோடும் போனார்கள். வரும்போது மடியில் கொஞ்சம் காசு. அதைப் பறிக்கக் காட்டில் கள்வர்.

கடல் கடப்பது முதல் சோதனை. இராமேசுவரம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, அம்மாபட்டினம் என்று அக்கரையில் பல துறைகள். பாய்த்தோணிகளில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவது வழக்கமாக இருந்தது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 20 மைல்தான். நல்ல காற்றென்றால் ஒரு பொழுதுக்குள் கடந்துவிடலாம். காற்று மாறினால் தோணி நடுக்கடலில் கிடக்கும். குடிதண்ணீர் தீர்ந்துபோகும். மன்னார் மீனவர்களுக்குக் கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று காற்றின் குணமெல்லாம் மனப்பாடம். தோணிக்குள் குந்தியிருந்த தஞ்சாவூர் வயற்காட்டு மனிதர் அதற்குமுன் கடலையே பார்த்திராதவர்.

என் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவள், இந்தக் கதையைத் தன் அம்மாயி வாயால் கேட்டவள். அந்த அம்மாயி ஏழெட்டு வயதுப் பிள்ளையாக, தாது வருசப் பஞ்சத்தில், தாய் தகப்பனோடு புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவள். 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அது. 1877ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தார்கள். அப்பாயியின் பேச்சில் அந்தப் பயணம் இப்படி இருக்கும்: “கெணத்துத் தண்ணி உப்பு, கொளத்துத் தண்ணி சேறு. சேத்துத் தண்ணிய முந்தானையில வடிச்சு வடிச்சுக் குடிச்சாங்களாம். மொத நாளே பாதிப் பேருக்கு வவுத்தால போச்சாம்.”

அந்தச் சொல் எவ்வளவு உண்மை என்பது இந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். தலைமன்னாரில் இறங்கியவர்கள் பேசாலையைக் கடந்து, மணலில் கால் புதையப் புதைய மன்னார்ப் பட்டினத்துக்கு வருவார்கள். வழியெல்லாம் பனையும் உடை மரமும். மன்னாரில் மட்டும், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிற அந்தப் பருத்த பெருக்கு மரங்கள். பிறகு ஆழமில்லாத கடலைத் தாண்டிப் பெருநிலம். திருக்கேதீஸ்வரத்துப் பக்கம், ஒரு காலத்தில் மாந்தைத் துறைமுகம் இருந்த இடம் அப்போது காடு மூடிக் கிடந்தது. அடுத்து உயிலங்குளம், முருங்கன். இன்று முருங்கன் பக்கம் போகிறவர்கள் பச்சை வயலைப் பார்க்கிறார்கள். கட்டுக்கரைக் குளம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் திருத்தப்பட்டது. அதற்கு முன்னால் நடந்தவர்கள் பார்த்தது உடைந்து தூர்ந்துபோன குளத்தையும் வறண்ட வெளியையும்.

முருங்கனைத் தாண்டினால் பாலையும் முதிரையும் வீரையும் நிறைந்த காடு. மடு வழியை விட்டுச் செட்டிகுளம், அங்கிருந்து மதவாச்சி. மதவாச்சியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் பாதையில் ஏறுவார்கள். மிகிந்தலை மலையைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு திரப்பனை, கெக்கிராவை, தம்புள்ளை, நாலந்தை, கடைசியில் மாத்தளை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தால்கூட இரண்டு வாரம். கைப்பிள்ளைக்காரியும் காய்ச்சல்காரனும் ஒரு நாளைக்கு அத்தனை மைல் எப்படி நடப்பார்கள்? 1840களில் பல இடங்களில் அது வண்டி போகிற வீதியே அல்ல, காட்டுத் தடம். யானையும் கரடியும் சிறுத்தையும் பயம். வன்னியில் இன்றைக்கும் காட்டு வழி போகிறவர்கள் ஒரு கொப்பை முறித்து மரக்கிளையில் தொங்கவிட்டு ஐயனாரை வேண்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பழக்கத்தை அக்கரையிலிருந்து வந்தவர்களும் இந்த வழியில் கற்றுக்கொண்டார்கள் என்று அப்பாயி சொல்வாள்.

மிருகத்தைவிடப் பெரிய எதிரி வாந்திபேதி. தோணியில் ஒருவருக்கு நோய் இருந்தால் மூன்றாம் நாள் கூட்டத்துக்கே இருக்கும். எல்லாரும் ஒரே குளத்தில் குடித்து, அதன் கரையிலேயே படுத்தார்கள். வழியில் இருந்த ஊரவர்கள் நோய்க்கு அஞ்சிக் கூட்டத்தைக் கிட்டவிடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நோய் அவர்கள் வீடுகளையும் வெறுமையாக்கியது. கங்காணிக்கோ குறித்த நாளில் தோட்டத்தில் ஆட்களைக் காட்ட வேண்டும். விழுந்தவருக்காகக் கூட்டம் நின்றதில்லை. உறவு இருந்தால் ஒருவர் கூட இருப்பார். உறவு இல்லாதவரை ஒரு மரத்தடியில், ஒரு சிரட்டைத் தண்ணீரோடு விட்டுவிட்டுப் போவார்கள்.

எத்தனை பேர் இந்த வழியில் செத்தார்கள்? 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் நாலில் ஒருவர், அதாவது சுமார் 70,000 பேர், வழியிலும் தோட்டங்களிலும் மாண்டுபோனதாகக் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை 1849இல் கணக்கிட்டது. அந்தத் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். திரும்பிப் போனவர்கள் எல்லாரும் பதிவாகவில்லை என்பது ஒரு பக்கத்து வாதம். அந்த வாதம் நடப்பதற்கான காரணத்தைத்தான் நான் என் மாணவர்களுக்கு எப்போதும் சுட்டிக்காட்டுவேன். ஏற்றுமதியான கோப்பி அந்தர் கணக்கில், சிலிங் கணக்கில், ஆண்டு ஆண்டாகத் துல்லியமாகக் கிடைக்கிறது. அதைப் பறித்தவர்களின் சாவுக்கு மட்டும் கணக்கில்லை. எண்ண வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமுடியாது. 1839இல் இந்திய அரசு வெளிநாடுகளுக்குக் கூலியாட்கள் போவதைத் தடைசெய்தது. 1847இல் இலங்கைக்கு அந்தத் தடையை நீக்கியது. 1855இல் வந்த ஆளுநர் ஹென்றி வார்ட் இந்தப் பயணத்தை ஒழுங்குபடுத்த நினைத்தார். 1858இல் அதற்கென்று ஒரு சட்டமும் ஆணைக்குழுவும் வந்தன. வழியில் தங்கு மடங்கள், கிணறுகள், சிறிய ஆஸ்பத்திரிகள் கட்டினார்கள். அவற்றால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனாலும் ஆள் சேர்ப்பதும் நடத்திக் கூட்டிப்போவதும் கங்காணி கையிலேயே இருந்தன. அதுதான் தோட்டத்துரைக்குச் செலவு குறைந்த வழி. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது, 1880இல் மாத்தளைக்கும் வந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலும் ஓடியது. அப்போதும் ஆயிரக்கணக்கானோர் மன்னார் வழியே நடந்தார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் கட்டணம் உண்டு. காலுக்குக் கட்டணம் இல்லை.

அப்பாயியின் அம்மாயியைப் பெற்றவள் மாத்தளைக்குப் போய்ச் சேரவில்லை. மதவாச்சிக்கு இந்தப் பக்கம், காட்டுக்குள், ஒரு பாலை மரத்தடியில் அவளைப் புதைத்தார்கள். தகப்பன் ஒரு கல்லைத் தூக்கித் தலைமாட்டில் வைத்தார். மறுநாள் விடியமுன் கூட்டம் புறப்பட்டது. ஏழு வயதுப் பிள்ளை பகல் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாளாம். தோட்டத்தில் பேர் பதிந்தபோது, செத்துப்போனவள் வாங்கிய முன்பணமும் தகப்பன் பற்றிலேயே ஏறியிருந்தது. கங்காணிக் கூட்டங்களில் இது நடைமுறை. ஒருவர் மாண்டால், ஓடிப்போனால், அவர் கடனை உறவுகள் சுமக்க வேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆளின் கடனைக் கட்டினால் விடுவேன் என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அந்தத் தாயின் கடனை அடைக்க எத்தனை வருசம் ஆயிற்று என்று நான் கேட்டிருக்கிறேன். “கடன் எங்க அடைஞ்சிச்சு, ஆளுதான் அடைஞ்சிச்சு” என்பாள் அப்பாயி.

இந்தக் கதையைப் படிப்பிக்கும்போது நான் அமெரிக்க வரைபடத்தையும் கரும்பலகையில் வரைவதுண்டு. ஏறக்குறைய அதே 1840களில், மிசூரி ஆற்றங்கரையிலிருந்து ஓரிகன் வரை சுமார் 2,000 மைல் வழியில் மாட்டுவண்டிகளோடு குடும்பங்கள் மேற்கே போயின. அவர்களிலும் வறுமைக்கு அஞ்சிப் புறப்பட்டவர்கள் உண்டு. 1849இலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் அவர்களை அதிகமாகக் கொன்றதும் இதே வாந்திபேதிதான். அவர்களும் வழியோரத்தில் புதைத்துவிட்டு நடந்தார்கள். துன்பத்தில் இரண்டு வழிக்கும் பெரிய பேதமில்லை. வழி முடிந்த இடத்தில்தான் பேதம்.

1862 மே 20இல் ஆபிரகாம் லிங்கன் குடியிருப்புக் காணிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குடும்பத் தலைவராக அல்லது 21 வயதானவராக இருந்து, குடிமகனாக வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தால் போதும். சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கர் கேட்கலாம். ஐந்து வருசம் அங்கே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் அவருக்கே சொந்தம். அப்போதுதான் கப்பலை விட்டு இறங்கிய நோர்வேக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. அந்த நிலம் லகோட்டா, செயேன் போன்ற பூர்வகுடிகளிடமிருந்து ஒப்பந்தம் மீறியும் துப்பாக்கி காட்டியும் பறித்த நிலம். அந்த அநீதியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. கண்டி மலையிலும் பறிப்பு நடந்தது. ஆனால் இங்கே காடு வெட்டியவன் பறித்தவனும் அல்ல, பெற்றவனும் அல்ல. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது நிற்பதற்கு ஓரிடமும், லயத்தில் ஒரு காம்பிராவும் அவனுக்குக் கிடைத்தன. வேலை போனால் காம்பிராவும் போகும்.

1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி கண்டது. பத்துப் பதினைந்து வருசத்தில் கோப்பி விழுந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவ ஆள் போதும். தேயிலைக் கொழுந்து வருசம் முழுக்கத் துளிர்க்கும். ஆகவே குடும்பத்தோடு வந்து நிலையாகத் தங்குகிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். பெண்கள் கூடுதலாக வந்ததும், பிள்ளைகள் மலையிலேயே பிறந்ததும், கோயிலும் காமன் கூத்தும் அங்கே வேர்விட்டதும் இதன் பிறகுதான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் நிற்கும்போதெல்லாம், உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்ட இடம் இதுதான் என்று பெரியவர்கள் சொல்லும் சொல் எனக்கு நினைவு வரும்.

19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், இந்தியாவில் பரவிய பிளேக் நோய்க்கு அஞ்சி மன்னார் நடைவழியை மூடினார்கள். தோட்டத்து எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேற்றும் காலம் வந்தது. 1914இல் மன்னார் மறுபடியும் வாசலானது. அந்த ஆண்டு பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்தது. மார்ச் 1 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னார் இறங்குதுறைக்கும் இடையே கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற நீராவிக் கப்பல்கள் ஓடின. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இரும்புப் பாதை போட்டார்கள். பழைய நடைவழியை ஒட்டியே அது போனது. மண்டபம் முகாமில் நோய் பார்த்து, ஊசி போட்டு, தலைமன்னாரில் ரயிலேற்றி, நேரே மலைக்கு அனுப்பினார்கள். பெரும் சாவு அதோடு நின்றது. 1939 ஓகஸ்டில் இந்திய அரசு கூலியாட்கள் வருவதை முற்றாகத் தடுத்தது.

பிறகு அதே ரயில் எதிர்த்திசையில் ஆட்களைக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத்தவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாடு 9,75,000 மனிதரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதியைப் பிறகு பேசலாம். அந்த டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. அட்டனிலும் பண்டாரவளையிலும் ஏறியவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுவந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பேர். எங்கள் தோட்டத்திலிருந்து போன ஒரு கிழவி, கொழுந்துக் கூடைக் கயிற்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள் என்று அம்மா சொல்லுவார். இந்தியா அவளுக்குத் தெரியாத ஊர். அவள் பிறந்தது லயத்துக் காம்பிராவில்.

எங்கள் குடும்பம் கப்பலேறவில்லை. 1970களின் தொடக்கத்தில் மாவும் அரிசியும் தட்டுப்பாடாகித் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977 ஓகஸ்ட் இனக்கலவரத்தில் எங்கள் லயத்துக்குத் தீ வைத்தார்கள். உடுத்த துணியோடு ஓடி, பள்ளிக்கூடமொன்றில் சில நாள் கிடந்து, வவுனியாவுக்கு வந்தோம். அந்த ஆண்டுகளில் டொக்டர் இராஜசுந்தரமும் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தியம் இயக்கம் வவுனியாப் பக்கம் எங்களைப் போன்ற குடும்பங்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தது. உறவினர் ஒருவரைப் பிடித்து, அங்கிருந்து மன்னார்ப் பெருநிலத்துக்கு, முருங்கனுக்கும் மடு வீதிக்கும் இடைப்பட்ட காட்டுக்கு வந்தோம்.

காடு வெட்டிக் குடியேறுவது எப்படியென்பதை நான் புத்தகத்தில் படித்தவள் அல்ல. அப்பாவும் சித்தப்பாவும் முதலில் பற்றையை வெட்டிக் காயவிட்டார்கள். காய்ந்ததும் தீயிட்டார்கள். சாம்பல் ஆறியதும் கட்டை தோண்டினார்கள். மலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளுக்கு வன்னிக் கோடாலி புதிது. முதிரை மரம் இரும்பைப்போல அடி திருப்பும். காட்டுத்தடி நட்டு, களிமண் அப்பி, கிடுகு வேய்ந்து குடில். முதலில் கிணறு. இருபது அடி தாண்டியும் தண்ணீர் காணாத கிணற்றைக் கைவிட்டு வேறிடம் தோண்டினார்கள். முதல் மழைக்குக் குரக்கனும் சோளமும் உழுந்தும் போட்டோம். பன்றி கிண்டியது, யானை மிதித்தது. இரவெல்லாம் பரணில் தகரம் தட்டினோம். மலேரியாக் காய்ச்சல் மாறி மாறி எல்லாரையும் படுக்கவைத்தது. தங்கை ஒருத்தியை அந்தக் காய்ச்சலில் இழந்தோம்.

பக்கத்து ஊரவர்கள் விதைநெல் தந்தார்கள், வண்டில் தந்தார்கள், மடுத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனார்கள். அதே ஊர்களில் எங்களைத் தோட்டக்காட்டார் என்று தள்ளிவைத்துப் பேசியவர்களும் இருந்தார்கள். அறுவடைக்குக் கூலியாட்களாக அழைப்பார்கள், கல்யாணத்துக்கு அழைக்கமாட்டார்கள். இதையும் பதிய வேண்டும். வடக்கில் தமிழர் பட்ட துன்பத்தைப் பேசுகிறபோது, தமிழரே தமிழரைத் தாழ்த்தியதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பேச்சு அரை உண்மை.

இங்கேயும் நிலைக்க விடவில்லை. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறிச்சோடின. எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்துபோன வியாபாரிகளை அதன்பின் பல வருசம் காணவில்லை. போர் எங்களையும் தூக்கி எறிந்தது. 2007இல் மடுப் பக்கமிருந்து கிளம்பியவர்கள் முள்ளிவாய்க்கால்வரை போய், 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வந்து விழுந்தார்கள். செட்டிகுளம் பழைய நடைவழியில் உள்ள ஊர். அப்பாயியின் அம்மாயி சேற்றுத் தண்ணீர் வடித்துக் குடித்த அதே வட்டாரத்தில், நானும் பிளாஸ்டிக் வாளியோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றேன்.

2023இல், மலையகம் 200 என்ற பேரில், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிகிற நடைபயணமொன்று நடந்தது. சுமார் 250 கிலோமீற்றர். மலையிலிருந்து வந்த இளைஞர்களும் மதகுருமாரும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீதியோரத்தில் மோர் கொடுத்தார்கள். முழங்கால் வலியோடு நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். புத்தகத்தில் படித்து ஒப்பித்த வழியைக் காலால் அறிந்தபோது என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், இவ்வளவு தூரம் நடந்தவங்களுக்கு ஏன் ஒரு துண்டுக் காணியும் இல்ல?”

அந்தக் கேள்விதான் இந்த வரலாற்றின் நடுநாயகம். குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. நிலம் தீரவில்லை. 2015க்குப் பிறகு மலையகத்தில் தனிவீட்டுக்கு ஒதுக்கிய காணி 7 பேர்ச்சஸ். ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ் உண்டு. ஓரிகன் வழியில் போனவர்களின் பிள்ளைகளுக்கு 160 ஏக்கர் கேட்க வாய்ப்பு இருந்தது. மன்னார் வழியில் போனவர்களின் ஆறாம் தலைமுறைக்கு 7 பேர்ச்சஸ். அதுகூட எல்லாருக்கும் இன்னும் வரவில்லை; பெரும்பாலோர் வெள்ளைக்காரன் கட்டிய லயத்திலேயே இருக்கிறார்கள். வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களிலும் காணி அனுமதிப் பத்திரம் இல்லாதவர்கள் உண்டு. பத்திரம் இல்லாவிட்டால் வீட்டுத்திட்டம் இல்லை, வங்கிக் கடன் இல்லை, நட்ட மரத்தைத் தன்னுடையதென்று சொல்ல உரிமை இல்லை.

ஆகவே நான் மூன்று விடயங்களைக் கேட்கிறேன். தலைமன்னார் தொடங்கி மாத்தளை வரை, பழைய மடங்களும் ஆஸ்பத்திரிகளும் இருந்த இடங்களை ஆராய்ந்து கண்டுபிடித்து, மூன்று மொழியிலும் பெயர்க்கல் நட வேண்டும். இந்த நடைவழியின் வரலாற்றை மலையகப் பிள்ளைக்கும், மன்னார்ப் பிள்ளைக்கும், மதவாச்சிச் சிங்களப் பிள்ளைக்கும் ஒரே பாடமாகப் படிப்பிக்க வேண்டும். அவர்கள் மூவரின் ஊர்களும் அந்த வழியில்தான் இருக்கின்றன. மூன்றாவது, இவற்றைவிடப் பெரியது: மலையிலும் வன்னியிலும் காட்டைத் திருத்திப் பயிர் வைத்தவர்களின் பேரில் காணி எழுதப்பட வேண்டும். பேர்ச்சஸ் கணக்கில் அளந்து போடும் பிச்சையாக அல்ல, பயிர் செய்து பிழைக்கப் போதுமான நிலமாக. நினைவுக் கல்லை நட ஒரு நாள் போதும், அதற்குப் பூமாலை போட ஆட்கள் வருவார்கள். இந்த வழியில் நடந்தவர்களுக்கு நாடு பட்டிருக்கும் கடன் பூமாலையால் தீராது. அது நிலத்தால்தான் தீரும்.